கோர்வையும் கலெக்டர் ஆபீஸும்: காஞ்சிபுரம் தறிகளிலிருந்து குழந்தைகள் வெளியே வந்த கதை

[இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.]

போன எபிசோடுக்கு வந்த மெயில்களில் ஒரே கேள்வியை நாலைந்து பேர் வெவ்வேறு மாதிரி கேட்டிருந்தீங்க. அரசும் தொண்டு நிறுவனங்களும் கைகோத்து வேலை செய்யுதுன்னு எல்லா அறிக்கையிலும் போடுறாங்க, அந்தக் கைகோக்கிறது நிஜத்துல எப்படி நடக்குது? யார் பணம் தர்றாங்க, யார் வெயில்ல அலையுறாங்க, கடைசியில போட்டோவுல யார் நிக்கிறாங்க?

போட்டோவில் யார் நிற்பாங்க என்று உங்களுக்கே தெரியும். [சிரிப்பு] மற்ற ரெண்டு கேள்விக்கும் பதிலை எங்க ஊர்க் கதையிலிருந்தே சொல்கிறேன். எங்க வீட்டுக் கதை என்றும் சொல்லலாம். கொஞ்சம் சங்கடமான கதை.

எங்க ஊர் காஞ்சிபுரம். அம்மாவின் பிறந்த வீடு பிள்ளையார்பாளையத்தில். கோயில் பார்க்க வருகிறவர்கள் ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் என்று ஒரு சுற்று முடித்துவிட்டு, கடையில் ஒரு புடவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளையார்பாளையத்துக்குள் வரமாட்டார்கள். அங்கே வந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். என் சின்ன வயதில் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடும். இப்போது நிறைய வீடுகளில் அந்தச் சத்தம் இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

புடவையில் ரெண்டு பேர்

முதலில் ஒரு புடவையைப் பார்க்கணும். வீட்டில் அம்மாவின் கல்யாணப் பட்டு இருந்தால் எடுத்துப் பாருங்க. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை மாதிரி. அது பழைய காஞ்சிபுரம் வேலையாக இருந்தால், கரையும் உடலும் சேருகிற இடத்தில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கசியாமல் வெட்டினாற்போல் இருக்கும். பின்னால் திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். இதற்குப் பெயர் கோர்வை.

கோர்வை போட மூன்று நாடா வேண்டும். நாடா என்றால் தறியில் குறுக்கே போய் வருகிற கட்டை. அதற்குள்தான் ஊடை நூல் இருக்கும். உடலுக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ஒவ்வொன்று. பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிற நெசவாளரால் மூன்றையும் தனியாகச் சமாளிக்க முடியாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட்டுக் கோர்த்துக் கொடுக்க இன்னொரு ஆள் பக்கத்தில் உட்காரணும். ஒவ்வொரு இழைக்கும், நாள் பூரா. ஒரு புடவைக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும்.

அந்த இன்னொரு ஆள் யார்? பெரியவரை வைத்தால் பெரியவர் கூலி கொடுக்கணும். அதற்குப் புடவையின் கூலி கட்டாது. அதனால் அந்த இடத்தில் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். ஏழு வயது, எட்டு வயது, பத்து வயது. குழந்தையின் மெல்லிய விரல்தான் பட்டுக்கு ஏற்றது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பாதீங்க. குழந்தையின் விரல் மலிவு, அவ்வளவுதான் விஷயம்.

எங்க மாமா வீட்டுத் தறியிலும் ஒரு பையன் இருந்தான். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். 2003, 2004 வாக்கில், அவனுக்குப் பத்து வயது இருக்கும். எனக்கு ரெண்டு வயது மூத்தவன். லீவுக்கு நான் அங்கே போகும்போது அவன் தறியில் இருப்பான். நான் டிவி பார்ப்பேன். எனக்கு அது வித்தியாசமாகவே தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

அவன் அப்பா மாமாவிடம் முன்பணம் வாங்கியிருந்தார். வீட்டில் யாருக்கோ ஆஸ்பத்திரிச் செலவு. பையனின் கூலியில் அதைக் கழிப்பதாகப் பேச்சு. கூலி குறைவு, வீட்டுத் தேவை அதிகம், அதனால் நடுநடுவே இன்னும் கொஞ்சம் வாங்குவார். கழியவே கழியாது. இதில் எங்க மாமாவை வில்லனாக நினைத்துக்கொள்ளாதீங்க. அவரே ஒரு பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கூலிக்கு நெய்கிறவர். கடன் மேலிருந்து கீழே படி இறங்கி வந்தது. கடைசிப் படியில் ஒரு குழந்தை.

சட்டம் வாசலோடு நின்றது

அப்போது சட்டமே இல்லையா என்று கேட்பீங்க. தாராளமாக இருந்தது. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. கடனுக்காக ஆளைப் பிடித்து வைத்தால் அந்தக் கடனே செல்லாது என்கிறது அது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். குழந்தைகளை வைக்கக்கூடாத தொழில்களின் பட்டியலில் துணி அச்சு, சாயம், நெசவு மூன்றும் இருந்தன.

ஆனால் 1986 சட்டத்தில் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். ஒருவர் தன் குடும்பத்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிற இடத்துக்கு இந்தத் தடை பொருந்தாது. காஞ்சிபுரத்தில் தறி எங்கே இருக்கிறது? வீட்டில், நடுக்கூடத்தில். ஆய்வாளர் வாசலில் வந்து நின்றால் பதில் தயாராக இருக்கும்: "எங்க அக்கா பையன் சார். ஊர்ல இருந்து வந்திருக்கான்." அவன் அக்கா பையன் இல்லை என்று அவர் எப்படி நிரூபிப்பார்? தெருவே சேர்ந்து ஆமாம் என்று சொல்லும். அவர் போன பிறகு பையன் மறுபடி உட்காருவான்.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. எம்.சி. மேத்தா வழக்கு. சிவகாசிப் பட்டாசு ஆலைகளை வைத்துப் போட்ட வழக்குதான், ஆனால் உத்தரவு நாட்டுக்கே. குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்டணும், அரசு அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை தரணும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் போடணும், மாவட்டம்தோறும் கணக்கெடுப்பு நடத்தணும். கணக்கெடுப்பு என்று வந்ததும்தான் பிரச்சினை வெளியே தெரிந்தது. வீட்டுக்குள் உள்ள தறியை யார் போய் எண்ணுவது? சர்க்கார் ஆள் வந்தால் குழந்தை பின்கட்டுக்குப் போய்விடுகிறதே.

தொண்டு நிறுவனங்களின் தேவை இங்கேதான் வருகிறது. அவங்க மனசு நல்ல மனசு என்பதற்காக இல்லை. அந்தத் தெருவில் யார் யார் பிள்ளை என்று அவங்களுக்குத் தெரியும் என்பதற்காக. காஞ்சிபுரத்தில் 1980களிலிருந்தே தறிக் குழந்தைகளுக்காக வேலை செய்த அமைப்புகள் உண்டு. ரைட் என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் ரூரல் இன்ஸ்டிடியூட் ஃபார் டெவலப்மென்ட் எஜுகேஷன் அதில் ஒன்று. வேறு சின்ன அமைப்புகளும் இருந்தன. அதில் ஒன்றில்தான் எங்க சித்தி டீச்சராகச் சேர்ந்தாங்க. கவனிச்சீங்களா? என் அம்மாவின் தங்கை. தறி வைத்திருந்த மாமாவின் தங்கை.

பணம் எந்த வழியாக வந்தது

சித்தி வேலை பார்த்த சிறப்புப் பள்ளியின் அமைப்பைச் சொல்கிறேன். "கைகோத்து" என்கிற வார்த்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் தெரியும்.

1988-ல் மத்திய அரசு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. பணம் முழுக்க டெல்லியுடையது. ஆனால் அது மாநில அரசின் துறை ஒன்றுக்கு வராது. மாவட்ட அளவில் ஒரு சங்கம் பதிவு செய்வார்கள். கலெக்டர் அதன் தலைவர். கீழே ஒரு திட்ட இயக்குநர். அந்தச் சங்கம் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, நீ இந்த ஏரியாவில் ஒரு பள்ளி நடத்து என்று கொடுக்கும். ஒரு பள்ளிக்கு வழக்கமாக 50 குழந்தைகள். ரெண்டு டீச்சர், ஒரு கைத்தொழில் ஆசிரியர், ஒரு கணக்கர், ஒரு ஆயா. மதியச் சாப்பாடு, அவ்வப்போது டாக்டர். குழந்தைக்கு மாதம் 100 ரூபாய் உதவித்தொகை, அதைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்து, குழந்தை சாதாரணப் பள்ளிக்கு மாறும்போது தருவார்கள். ஒன்பது வயசுக்கு மேல் பள்ளியை விட்டவர்களை நேராக நாலாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தால் ஒரே வாரத்தில் ஓடிப்போவார்கள். நடுவில் ஒரு பாலம் வேண்டும், அதுதான் இந்தப் பள்ளி.

2004-ல் இதே வேலைக்கு இன்னொரு பெரிய திட்டம் வந்தது. பெயர் இன்டஸ். இந்தியத் தொழிலாளர் அமைச்சகமும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் ஆளுக்கு 2 கோடி டாலர் போட்டு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வழியாக நடத்தியது. தமிழ்நாட்டில் ஐந்து மாவட்டங்கள்: காஞ்சிபுரம், திருவண்ணாமலை, திருவள்ளூர், நாமக்கல், விருதுநகர். இதில் ஒரு நல்ல மாற்றம் செய்தார்கள். குழந்தைகளை வயது வாரியாகப் பிரித்தார்கள். ஐந்திலிருந்து எட்டு வயதுக்காரர்கள் நேராக அரசுப் பள்ளிக்கு. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை பாலப் பள்ளிக்கு. பதினாலு வயசைத் தாண்டியவர்களுக்குத் தொழிற்பயிற்சி. அம்மாக்களுக்கு வருமானத்துக்கு வழி.

இதில் அரசு எங்கே, நிறுவனம் எங்கே? அரசிடம் பணம், சட்டம், ஆய்வாளர், பள்ளியில் இடம் எல்லாம் இருந்தது. நிறுவனத்திடம் சித்தி மாதிரி ஆட்கள் இருந்தார்கள்.

சித்தி எப்படி வேலை செய்வாங்க என்று பார்த்திருக்கேன். பகலில் தறி வீட்டுக்குப் போகவே மாட்டாங்க. சாயந்திரம் தறியை நிறுத்தி, வாசலில் தண்ணீர் தெளித்து, எல்லாரும் வெளியே உட்கார்ந்திருக்கிற நேரத்துக்குப் போவாங்க. "ஏன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலை" என்று முதல் கேள்வி கேட்க மாட்டாங்க. "எவ்ளோக்கா வாங்கியிருக்கீங்க?" அதுதான் முதல் கேள்வி. கடன் எவ்வளவு, யாரிடம், எதற்கு. அதைத் தெரிந்துகொள்ளாமல் பள்ளியைப் பற்றிப் பேசினால் எதிரில் இருப்பவர் தலையை ஆட்டுவார், காலையில் பையன் தறியில் இருப்பான்.

இங்கேதான் இன்னொரு கூட்டு வேலை வருகிறது. தமிழ்நாட்டில் 1997-98-ல் மகளிர் திட்டம் தொடங்கியது. மாநில அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. தெருவில் சுய உதவிக் குழுக்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பெரும்பாலும் தொண்டு நிறுவனக்காரர்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சேமித்து, அதை வைத்து பேங்க் கடன். குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் இது வராது, துறையே வேறு. ஆனால் தெருவில் ரெண்டும் ஒன்றுதான். அடுத்த ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்த அம்மா குழுவில் கடன் வாங்க முடிந்தால்தான், பையனைக் காட்டி முதலாளியிடம் வாங்க மாட்டாள். ரெண்டு துறையும் கலெக்டர் ஆபீசில் தனித்தனி அறையில் இருந்தன. அவற்றை ஒரே வாசலில் கொண்டுவந்து சேர்த்தது சித்தி மாதிரி ஆட்கள்தான். கூட்டு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அண்ணன் வீட்டுத் தறி

சரி, மாமா வீட்டுப் பையன்.

சித்திக்கு எல்லாம் தெரியும். தெரு முழுக்கக் கேட்கிற கேள்வியை அண்ணன் வீட்டில் கேட்க ரொம்ப நாள் ஆனது. கடைசியில் ஒரு தீபாவளிக்கு முன்னால் கேட்டாங்க. பெரிய சண்டை. "நீ சம்பளம் வாங்குறதுக்கு என் தறியைக் கெடுக்குறியா?" என்றார் மாமா. தாத்தா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். சித்தி புகார் எழுதவில்லை. எழுதியிருக்கலாம், சட்டம் பக்கத்தில் இருந்தது. எழுதினால் அண்ணன் மேல் வழக்கு வரும். அதற்குப் பதிலாக அத்தையிடம் பேசினாங்க. கடைசியில் பையன் எழுந்தான், அவன் இடத்தில் அத்தை உட்கார்ந்தாங்க. பையன் சித்தியின் பள்ளிக்குப் போனான். முன்பணம் திரும்ப வரவே இல்லை. மாமா இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் அதைச் சொல்லிக் காட்டுவார்.

நல்ல முடிவுதானே? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். இந்த எபிசோடுக்காகச் சட்டத்தைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

காரணம் இதுதான். அந்தப் பையன் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டான்? சித்தியிடம் கேட்டேன். "பள்ளி இடைநின்றவர்" என்று எழுதினார்களாம். ஒரே குழந்தையை மூன்று விதமாக எழுதலாம். பள்ளி இடைநின்றவர் என்று எழுதினால் யார் மேலும் குற்றம் இல்லை. குழந்தைத் தொழிலாளர் என்று எழுதினால் வேலைக்கு வைத்தவர் மேல் வழக்கு, அந்த 20,000 ரூபாய். கடனுக்காக உட்கார வைக்கப்பட்டவன், அதாவது கொத்தடிமை என்று எழுதினால் கடன் ரத்து, வைத்தவருக்குச் சிறை வரலாம், குழந்தைக்கு அதிகாரி கையெழுத்துப் போட்ட விடுதலைச் சான்றிதழ், அதோடு மறுவாழ்வுத் தொகை. அந்தத் தொகை 2000-லிருந்து 20,000 ரூபாய். 2016-ல் அதை மாற்றி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் என்று உயர்த்தினார்கள், முழுத் தொகை வர வழக்கில் தண்டனை ஆகணும் என்ற நிபந்தனையோடு.

முன்பணம் வாங்கிக்கொண்டு அது கழியும்வரை ஒரு குழந்தை வேலை செய்வது 1976 சட்டப்படி கொத்தடிமைத்தனம். சந்தேகமே இல்லை. அப்படியானால் எங்க வீட்டுத் தறியில் இருந்தவனுக்கு 20,000 ரூபாயும் ஒரு சான்றிதழும் சேர வேண்டியது. சேரவில்லை. "இடைநின்றவர்" என்ற ஒரு வார்த்தை எங்க குடும்பத்தைக் காப்பாற்றியது. அவனுக்கு அது செலவு.

இது எங்க வீட்டில் மட்டும் நடந்தது இல்லை. 2003 ஜனவரியில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. கர்நாடகம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு. காஞ்சிபுரம் அதில் வருகிறது. சட்டம் இருக்கிறது, அதிகாரிகள் அதை நடைமுறைப்படுத்துவது இல்லை என்பதுதான் அதன் முக்கியக் குற்றச்சாட்டு.

உள்ளூர் நிறுவனம் ஏன் அதை இவ்வளவு பலமாகச் சொல்லவில்லை? யோசிச்சுப் பாருங்க. உங்க பள்ளிக்குப் பணம் வருவது கலெக்டர் தலைவராக இருக்கும் சங்கத்திலிருந்து. உங்க ஏரியாவில் கொத்தடிமைகள் இருக்கிறார்கள் என்று எழுதினால், அது அந்த நிர்வாகத்தின் மேலேயே வைக்கிற குற்றச்சாட்டு. அடுத்த வருஷம் பள்ளி உங்களுக்குக் கிடைக்குமா? யாரும் மிரட்டத் தேவையில்லை. நீங்களே மெல்லிய வார்த்தையைத் தேடிக்கொள்வீங்க. தெருவிலும் அதேதான். கடுமையான வார்த்தையை எழுதினால் நாளைக்கு ஒருத்தரும் கதவைத் திறக்க மாட்டார்கள். ரெண்டு பக்கமும் நட்பாக இருக்கணும் என்றால் நடுவில் இருப்பவர் குரலைத் தாழ்த்தித்தான் ஆகணும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், 1976 சட்டத்தை எழுதியவர்கள் இதை ஓரளவு யோசித்திருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு வைக்கச் சொல்கிறது அந்தச் சட்டம். கலெக்டர் தலைவர், பட்டியல் சாதி, பழங்குடியினரிலிருந்து மூன்று பேர், மாவட்டத்திலேயே குடியிருக்கும் சமூக சேவகர்கள் ரெண்டு பேர், ஊரக வளர்ச்சி வேலை செய்கிறவர்கள், கடன் தரும் நிதி நிறுவனத்திலிருந்து ஒருவர். அங்கே வெளியாளின் நாற்காலி சட்டப்படி உள்ள நாற்காலி. பள்ளிக்கான மானியத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பணம் வாங்குகிற கூட்டு வேறு, கேள்வி கேட்கிற கூட்டு வேறு. ரெண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும்போதுதான் சிக்கல்.

கணக்கு விஷயத்திலும் ஒன்று சொல்லணும். எங்க மாவட்டத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்பீங்க. குடவோலையைப் பற்றி மட்டும் பெருமை பேசுவோம். அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி தேர்வாக முடியாது என்ற விதியும் இருக்கிறது. 1,100 வருஷத்துக்கு முன்னால். இன்றைக்கு நிறுவனம் அரசிடம் கணக்குக் காட்டுகிறது, செலவுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. நியாயம். அரசு நிறுவனத்துக்குக் காட்டும் கணக்கு என்ன? இந்தத் திட்டத்தில் ஆசிரியர்களின் மதிப்பூதியமும் குழந்தைகளின் உதவித்தொகையும் நாடு முழுக்கத் தாமதமாக வந்தது என்பது நாடாளுமன்றம் வரை பேசப்பட்ட விஷயம். ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போனால் அரசு ஊழியர் போராட்டம் நடத்துவார். மதிப்பூதியம் என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் போராட முடியாது. சேவை செய்ய வந்தவங்கதானே என்பார்கள். சேவை என்ற வார்த்தையை வைத்து நாம் நிறையப் பேருக்குக் குறைவாகக் கொடுத்திருக்கோம்.

அப்புறம் தறி ஏன் அமைதியானது

குழந்தைகள் தறியிலிருந்து வெளியே வந்தார்கள். அது உண்மை. இன்றைக்குப் பிள்ளையார்பாளையத்தில் தறியில் பத்து வயதுப் பையனைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் அதை முழுக்கத் திட்டத்தின் கணக்கில் எழுதினால் பொய் ஆகிவிடும்.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. அதைச் சுற்றி ஒரகடம் வரைக்கும் கம்பெனிகள். காலையில் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து நிற்க ஆரம்பித்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, ஐடிஐ முடித்தால் அதில் ஏறலாம். அதுவரைக்கும், படிச்சு என்ன கிழிக்கப்போறான் என்று கேட்ட அப்பாவுக்கு முதல் தடவையாகப் பதில் கிடைத்தது. 2010-ல் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. சத்துணவு முன்னாலிருந்தே இருந்தது. இவ்வளவும் சேர்ந்துதான் தறியைக் காலி செய்தது. நோக்கியா 2014-ல் மூடினது வேறு சோகம், இன்னொரு எபிசோடுக்கு வைத்துக்கொள்வோம்.

என்னைக் கேட்டால், கம்பெனி பஸ் ஒரு காரணம்தான், ஆனால் பஸ் வரும்போது ஏறுகிற நிலையில் பிள்ளைகள் இருந்ததற்கு அந்தப் பாலப் பள்ளிகள் காரணம். எங்க மாமா வீட்டுப் பையன் பத்தாவது முடித்தான். ஐடிஐ போனான். இப்போது ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. இந்த எபிசோடில் பேச முடியுமா என்று கேட்டேன். "வேணாம்பா, என் பொண்ணு கேட்டா என்ன நினைக்கும்" என்றான். அதனால்தான் பெயர் இல்லை.

பெரியவர்கள் விஷயத்தில் காஞ்சிபுரம் இன்னும் தப்பிக்கவில்லை. 2019 ஜூலை ஞாபகம் இருக்கா? அத்திவரதர் தரிசனம், 48 நாள், டிவி பூரா காஞ்சிபுரம். அதே ஜூலையில், கோனேரிக்குப்பத்திலும் அன்றைய வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை வருவாய்த் துறை மீட்டது. ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. கோனேரிக்குப்பம் ஊரை ஒட்டித்தான் இருக்கிறது, நான் சைக்கிளில் போன இடம். இந்த மாதிரி இடங்களைப் பற்றி இன்றைக்குத் தகவல் சொல்கிறவர்களில், முன்பு மீட்கப்பட்டவர்களே சேர்ந்து வைத்திருக்கும் சங்கங்களும் உண்டு. அவர்களுக்குப் பள்ளி மானியம் எதுவும் இல்லை. அதனால் சரியான வார்த்தையைச் சொல்ல அவர்களுக்குப் பயமும் இல்லை.

பாலப் பள்ளிகளுக்கு என்ன ஆச்சு? 2021 ஏப்ரலிலிருந்து தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் கல்வித் துறையின் சமக்ர சிக்ஷா திட்டத்தோடு இணைக்கப்பட்டது. பழைய சிறப்பு மையங்கள் மூடப்பட்டன. 1098 குழந்தைகள் உதவி எண் உங்களுக்குத் தெரியும். 1996-ல் மும்பையில் தொடங்கி, நாடு முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் நடத்தியது. அதையும் 2023-ல் அரசே எடுத்துக்கொண்டது. எண் அதேதான், போன் எடுப்பவர் இப்போது அரசுப் பணியாளர். அரசு செய்ய வேண்டிய வேலையை அரசே செய்யட்டும் என்பவர்கள் இதை வரவேற்பார்கள். எனக்கும் பாதி சம்மதம். சித்தி மாதிரி ஒருத்தர் இருபது வருஷம் மதிப்பூதியத்தில் வேலை செய்வதைவிட, முறையான சம்பளத்தில் ஒருத்தர் செய்வது மேல். ஆனால் சாயந்திரம் தறி நின்ற பிறகு வாசலில் போய் உட்கார்ந்து "எவ்ளோக்கா வாங்கியிருக்கீங்க" என்று கேட்பது யாருடைய வேலைப் பட்டியலில் இருக்கிறது? புதிய ஏற்பாட்டில் நான் அந்த வரியைத் தேடினேன். கிடைக்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு அறுபத்தைந்து வயது, இன்னும் நெய்கிறார். கோர்வை போடுவது குறைந்துவிட்டது. பக்கத்தில் உட்கார ஆள் கிடைப்பது இல்லை, பெரும்பாலும் ஒரே நாடாவில் போகிற புடவைகள்தான். எப்போதாவது கோர்வை ஆர்டர் வந்தால் அத்தைதான் உட்காருவாங்க. முட்டி வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க. அந்த வேலைக்கு அத்தைக்குத் தனிக் கூலி உண்டா என்று மாமாவிடம் கேட்டேன். "வீட்டு ஆளுக்கு என்னடா கூலி" என்றார். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, அதையும் எழுதி வச்சுக்குறேன்" என்றாங்க.

அடுத்த வாரம் நோக்கியாவோடு வருகிறேன்.